யாரோடு? யாரை?

"இரு தரப்பினர் மோதல், ஐவர் படுகாயம்."

காலையிலே ஏட்டைப் பிரித்ததும் கண்ணிலே படுகிறது இந்த வரி. படிக்கிறோம், பெருமூச்சு விடுகிறோம், பக்கத்தைப் புரட்டுகிறோம். எவர் அந்த இரு தரப்பினர்? எவர் கையிலே அரிவாள் இருந்தது, எவர் தோளிலே அது இறங்கியது? தலைப்புக் கூறவில்லை. கூறாததை நாமும் கேட்கவில்லை. இரண்டு கடாக்கள் முட்டிக்கொண்டது போன்ற ஒரு படம் மனத்திலே எழுகிறது. இரண்டுக்கும் கொம்பு உண்டு, இரண்டுக்கும் வெறி உண்டு, ஆகவே இரண்டின்மீதும் குற்றம் உண்டு என்று ஒரு நொடியிலே தீர்ப்பெழுதிவிட்டு, காப்பி குடிக்கப் போய்விடுகிறோம்!

தோழர்களே, அந்தத் தீர்ப்பை எழுதியது நாமல்ல. 'மோதல்' என்ற சொல் எழுதியது. நம் கையை அது இரவல் வாங்கிக்கொண்டது.

அச்சொல்லும் நம் வீட்டுச் சொல்லாக இருந்தபோதிலும், இன்று அது செய்யும் வேலை ஆங்கிலத்திடம் கற்ற வேலை. ஆங்கில ஏட்டின் செய்தியாளர் 'கிளாஷ்' என்பார். ஆங்கில அறிஞரும் அரசினரும் ஆய்வுரையாளரும் 'கான்ஃப்ளிக்ட்' என்பர். இனங்களுக்கு இடையே கான்ஃப்ளிக்ட், வகுப்புகளுக்கு இடையே கான்ஃப்ளிக்ட், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் கான்ஃப்ளிக்ட். கற்றவர் நாவிலே அது உலவும் மிடுக்கைப் பார்த்தால், உலகத்துத் துயரமனைத்தையும் ஒரு பெட்டிக்குள் அடக்கிப் பூட்டிவிட்ட நிம்மதி தெரியும். அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் நமது வேலை.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். இலத்தீன் மொழியிலே 'ஃப்ளிகெரே' என்றால் அடித்தல். 'கான்' என்னும் முன்னொட்டு, கூடி, ஒருங்கே என்ற பொருளைத் தருவது. இரண்டும் இணைய, ஒருவரோடொருவர் அடித்துக்கொள்ளுதல் என்றாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டளவிலே ஆங்கிலத்துக்குள் குடியேறிய இச்சொல்லுக்கு உடன்பிறந்தார் உண்டு. 'இன்' என்ற ஒட்டைச் சேர்த்தால் 'இன்ஃப்ளிக்ட்': காயத்தை, தண்டனையை, துன்பத்தை இன்னொருவர் தலைமீது இறக்குதல். வேறோர் ஒட்டைச் சேர்த்தால் 'அஃப்ளிக்ட்': துன்பம் ஒருவரைப் பற்றி வாட்டுதல். ஊதாரியைக் குறிக்க ஆங்கிலத்தார் வழங்கும் 'ப்ராஃப்ளிகேட்' என்பவனும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே. அடித்து வீழ்த்தப்பட்டவன் என்பது அவனது பழம்பொருள். அவன் குடித்துக் கிடக்கட்டும், விட்டுவிடுவோம். மற்ற மூவரே நமக்கு வேண்டியவர்.

வேர் ஒன்று. அடியும் ஒன்று. ஆனால், அடித்துக்கொண்டனரா, ஒருவர் அடித்தாரா, ஒருவர் பட்டாரா என்ற மூன்று கேள்விகளுக்கும் மூன்று தனிச் சொற்களை அம்மொழி ஆக்கி வைத்திருக்கிறது. அவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்த மொழியைப் பேசுவோர், ஆதிக்கக்காரன் அடித்த அடியைப் பேச வரும்போது மட்டும், மூன்றிலே முதலாவதையே தேடி எடுக்கின்றனர். ஏன்?

இலக்கணம் பதில் கூறும். 'கான்ஃப்ளிக்ட்' என்பதைப் பெயராக வழங்கும்போது ஆங்கிலத்தார் முதலசையை அழுத்துவர். வினையாக வழங்கும்போது இரண்டாமசையை அழுத்துவர். ஒலிப்பு நயம் அது, இருக்கட்டும். அந்த வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. 'இவன் அவனைக் கான்ஃப்ளிக்ட் செய்தான்' என்று அம்மொழியிலே சொல்லவே இயலாது. 'அவனோடு' என்றுதான் சொல்ல இயலும். நமது இலக்கணத்திலே வைத்துப் பேசினால், அச்சொல் இரண்டாம் வேற்றுமையை ஏற்காது; 'ஐ' உருபு அதனருகே வர அஞ்சும். மூன்றாம் வேற்றுமையின் 'ஓடு' மட்டுமே அதற்குத் தோழன். தமிழிலே 'அடித்தனர்' என்று எழுதினால், யாரை என்ற கேள்வி தானே எழும். 'அடித்துக்கொண்டனர்' என்று எழுதிப் பாருங்கள்! யாரை என்ற கேள்வி அவிந்துபோகிறது. 'கொண்டனர்' என்ற அந்தச் சின்னஞ்சிறு துணைவினை, குற்றவாளியையும் பாதிக்கப்பட்டவனையும் தோளோடு தோள் சேர்த்து ஒரே பெஞ்சிலே உட்கார வைத்துவிடுகிறது.

பழந்தமிழர் இதிலே ஏமாறவில்லை என்பதைக் கூறினால் வியப்பாக இருக்கும். புறத்திணை வகுத்தவர்கள், போரிலே யார் என்ன செய்கிறார்கள் என்பதற்குத் தனித்தனிப் பூச்சூட்டிப் பெயரிட்டனர். ஆநிரை கவர்பவன் வெட்சி சூடுவான். அதை மீட்க ஓடுபவன் கரந்தை. கோட்டையை முற்றுபவன் உழிஞை. கோட்டைக்குள் நின்று காப்பவன் நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலையிலே இவை தனித்தனித் திணைகளாகவே நிற்கின்றன. இருவரும் களம் குறித்து, நாள் குறித்து, படையோடு எதிர்நின்று பொரும்போதுதான் இருவருக்கும் ஒரே பூ, அது தும்பை. மாடு பிடிக்கும் பூசலையெல்லாம் மாபெரும் வீரமெனப் பாடிய அந்தக் காலத்தை நாம் அப்படியே தலையிலே தூக்கிவைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எனினும், வெட்சிக்காரனையும் கரந்தைக்காரனையும் 'இரு தரப்பினர்' என்று எழுதும் சோம்பல் அவர்களிடம் இல்லை. கான்ஃப்ளிக்ட் என்ற சொல்லுக்கு உரிய இடம் தும்பைக் களம். அதை வெட்சிக்கும் உழிஞைக்கும் சூட்டுவதுதான் இன்றைய வழக்கு.

ஏட்டு ஆராய்ச்சி போதும். மண்ணுக்கு வருவோம்.

1968-ஆம் ஆண்டு, டிசம்பர் 25. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டனர் உழவுத் தொழிலாளர். அரைப்படி நெல் கூடுதலாக என்பது மக்கள் நினைவிலே நிலைத்துவிட்ட கணக்கு. கேட்டவர்கள் சேரி மக்கள். கேட்டதோடு நில்லாமல் செங்கொடிச் சங்கத்திலும் சேர்ந்துவிட்டனர். மிராசுதார்களோ நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தமக்கொரு சங்கம் கண்டனர். அன்றிரவு ஆட்கள் திரண்டு சேரிக்குள் புகுந்தனர். ஓட முடிந்தவர் ஓடினர். ஓட முடியாத பெண்கள், முதியோர், குழந்தைகள் ஒரு சிறு குடிசைக்குள் புகுந்து ஒளிந்தனர். குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கருகிப்போயினர்.

இதற்கும் 'மோதல்' என்று பெயர் வைத்தது நாடு. விவசாயிகளுக்குள்ளே மோதலாம்! மிராசுதாரும் விவசாயி, கூலியாளும் விவசாயி. ஒரே குலத்து ஆட்டுக்கடாக்கள்! அந்தக் குடிசைக்குள்ளே இருந்த குழந்தை யாரோடு மோதிற்று? தாயின் முந்தானையோடு மோதியிருக்கும். சாத்திய கதவோடு மோதியிருக்கும்.

உண்மையை முழுதாகக் கூற வேண்டும். பாதியைக் கூறுவது பகுத்தறிவாளனுக்கு அழகல்ல. அதே நாளிலே மிராசுதார் தரப்பைச் சேர்ந்த ஒருவரும் கொல்லப்பட்டார். அதற்காகத் தொழிலாளர் சிலர் தண்டனையும் பெற்றனர். 'பார்த்தீர்களா, இரு பக்கமும் சாவு! மோதல் என்பது பொருத்தந்தானே?' என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அந்த ஒரு சாவுக்கும் ஓர் 'ஐ' உண்டு. அதைக் கேட்டு விசாரிக்கத்தான் வேண்டும், மறைக்க நாம் வரவில்லை. ஆனால் அந்த ஓர் உயிரைத் தராசின் ஒரு தட்டிலே வைத்து, மறு தட்டிலே 44 உயிரையும் வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல்லை முள்ளாக நிறுத்துவது நீதியா? சண்டையிலே வீழ்ந்தவன் வேறு. ஒளிந்திருந்த இடத்திலே எரிக்கப்பட்டவர்கள் வேறு.

வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் மிராசுதார்கள் சிலரைத் தண்டித்தது. 1973-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. நிலமும் காரும் உடைய பெருந்தனக்காரர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்தனர் என்பதை நம்புவது கடினம் என்ற போக்கிலே அத்தீர்ப்பு அமைந்தது. காரிலே போகிறவர் கொள்ளி எடுக்கமாட்டார் என்பது எந்தத் தர்க்க நூலிலே உள்ளது? ஆக, 44 பேரை எரித்தவர் எவருமில்லை. 'ஐ' மட்டும் நின்றது, எழுவாய் ஓடிவிட்டது!

இன்னொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நம் பேனா நம்மையே குத்தும். அந்த நாளிலே கோட்டையிலே இருந்தது நம் இயக்கத்தின் ஆட்சி, முதலமைச்சர் அண்ணா. கூலிக்கு விசாரணைக் குழு வந்தது, 1969-ஆம் ஆண்டிலே நியாயக்கூலிச் சட்டமும் வந்தது, இவற்றை மறுப்பதற்கில்லை. ஆயினும், பார்ப்பனிய ஆதிக்கத்தைப் பேசும்போது யார் யாரை என்று தெளிவாகக் கேட்டுப் பழகிய நம் மேடைகள், பண்ணையாரும் சேரி உழவனும் என்று வந்தபோது அதே தெளிவோடு கேட்டனவா? 'இரு தரப்பும் நம்மவர்தானே' என்ற தயக்கம் நம் நாவிலே எத்தனை ஊர்களிலே ஏறியது? இளைஞர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும். கேட்பதற்குக் கற்றுக்கொடுத்ததே இந்த இயக்கம் அல்லவா?

சொல்லின் மறுபக்கத்தையும் காண வேண்டும். 'மோதல்' என்ற சொல்லே கூடாது என்பது நமது வாதமன்று. வெண்மணியிலே மோதல் இருந்தது! 25-ஆம் நாள் இரவிலே அன்று. அதற்கு முன்னே, பல ஆண்டுகளாக இருந்தது. கூலி உயர்ந்தால் களத்து நெல் குறையும் என்பது மிராசுதாரின் கணக்கு. கூலி உயராவிட்டால் உலை கொதிக்காது என்பது உழவனின் கணக்கு. இரண்டும் ஒரே நெல்லைப் பற்றிய கணக்குகள். இரண்டும் ஒருங்கே நிறைவேறா. இதுதான் சொல்லின் மெய்ப்பொருளிலே கான்ஃப்ளிக்ட். அதைக் கண்டவர் யார்? சாணிப்பால் குடித்து, சவுக்கடி பட்டு உழவன் ஊமையாகக் கிடந்த காலத்திலே, 'எங்கள் ஊர் அமைதிப் பூங்கா, இங்கே மோதலே கிடையாது' என்றனர். அவன் வாய் திறந்தபோது, 'மோதலைத் தூண்டுகிறான்' என்றனர். அவன் எரிந்தபோது, 'மோதல் நடந்தது' என்றனர். இருந்த இடத்திலே இல்லையென்றனர். இல்லாத இடத்திலே உண்டென்றனர். சொல்லாராய்ச்சி எதற்கு என்று கேட்கும் தோழர்கள் இந்த இரட்டை வித்தையை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வைக்கத்திலும் இதுதான். கோயிலைச் சுற்றிய தெருவிலே நாய் நடந்தது, பன்றி நடந்தது, ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது. அந்த நிலை எத்தனையோ தலைமுறை நீடித்தது. அதற்கு அமைதி என்று பெயர். 1924-ஆம் ஆண்டு மார்ச் 30-ஆம் நாள் அத்தெருவிலே மூவர் நடக்க முயன்றனர். உடனே அமைதிக்குப் பங்கம் வந்துவிட்டது! பெரியார் சென்று பேசினார். அமைதியைக் குலைக்கிறார் என்று தடை, மீறியபோது சிறை, விடுதலையாகி வந்து மீண்டும் பேசியபோது மீண்டும் சிறை. தெருவிலே நடந்த கால் மோதலை உண்டாக்கவில்லை. அந்தத் தெருவிலே ஏற்கெனவே படுத்துக்கிடந்த மோதலின்மீது இடறி, அதை எழுப்பிவிட்டது.

ஆகவேதான், இச்சொல்லை ஒழிக்காமல் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறோம். ஆங்கிலேயரின் சட்டத்திலே அதற்கு ஒரு நல்ல வேலை கொடுத்திருக்கின்றனர்: நலன்களின் முரண். லார்டு காட்டன்ஹாம் என்பவர் இங்கிலாந்தின் லார்டு சான்ஸலர். நீதித்துறையின் உச்சியிலே அமர்ந்தவர். கால்வாய்க் குழுமம் ஒன்றின் வழக்கிலே அதற்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அக்குழுமத்திலே அவருக்கே பங்குகள் இருந்தன என்பது பின்னர் வெளிப்பட்டது. அவர் பங்குக்கு ஆசைப்பட்டுத் தீர்ப்புக் கூறினார் என்று எவரும் கருதவில்லை. ஆயினும் 1852-ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை அத்தீர்ப்பைத் தள்ளியது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக எவரும் அமரலாகாது என்பது விதி. மனிதன் நல்லவனா கெட்டவனா என்று அந்த விதி கேட்பதில்லை; எங்கே உட்கார்ந்து தீர்ப்புக் கூறுகிறான் என்று கேட்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு சாத்திரங்களிடம் போனால் என்ன ஆகும்? பொருளீட்டும் ஆற்றல் இருந்தாலும் சூத்திரன் பொருள் சேர்க்கலாகாது என்கிறது மனுநூலின் பத்தாம் இயல். தானத்திலே சிறந்தது யாருக்குக் கொடுக்கும் தானம் என்பதையும் அந்நூல் கூறுகிறது. கூறியவர் யார்? எந்தப் பக்கத்திலே உட்கார்ந்து கூறினார்? தானம் வாங்கும் கையே தானத்தின் பெருமையை எழுதிற்று! லார்டு காட்டன்ஹாமைத் தள்ளிய விதி மனுவை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? இங்கே, ஆம், இங்கேதான் கான்ஃப்ளிக்ட் என்ற சொல்லை உரக்கக் கூவ வேண்டும். இங்கே மட்டும் 'சமுதாய இசைவு', 'தர்மத்தின் ஒழுங்கு' என்று மெல்லிய குரலிலே வேறு சொற்கள் வருகின்றன.

நாடுகளுக்கிடையே நடப்பதிலும் இச்சொல் ஒருமுறை உருப்படியான வேலை செய்தது. போர் மூட்டும் அரசுகள், 'நாங்கள் போர் அறிவிக்கவில்லையே' என்று கூறிப் போர்ச் சட்டத்திலிருந்து நழுவுவது வழக்கம். 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்களிலே, அறிவிக்கப்பட்ட போர் மட்டுமன்றி எந்த ஆயுத மோதலும் அடங்கும் என்று எழுதினர். உள்நாட்டிலே நடக்கும் ஆயுத மோதலுக்கும் ஒரு குறைந்த அளவுக் காப்பைத் தந்தனர். அடுத்த ஆண்டே கொரியாவிலே போர் மூண்டது. அமெரிக்கத் தலைவர் ட்ரூமனோ, 'போலீஸ் நடவடிக்கை' என்ற பெயருக்குத் தலையாட்டினார்! மூன்றாண்டு நடந்த, லட்சோபலட்சம் உயிர் குடித்த போலீஸ் நடவடிக்கை. அப்படிப்பட்ட நழுவலைப் பிடிக்க 'ஆயுத மோதல்' என்ற பரந்த வலை தேவைப்பட்டது. எரிக்கப்பட்டவரை மறைக்கவும் அதே சொல், சிறைப்பட்டவரைக் காக்கவும் அதே சொல். எடுத்தவன் எதற்கு எடுத்தான் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஏட்டு அலுவலகத்திலே பணிபுரியும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் கூறினோம். சினந்தார். "இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியிலே செய்தி வருகிறது. யார் முதலில் அடித்தான் என்று எனக்குத் தெரியுமா? தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதுவதுதான் உங்கள் பகுத்தறிவா? 'மோதல்' என்றால் நான் எவர் பக்கமும் சாயவில்லை என்று பொருள்" என்றார்.

நியாயமான சொல்; ஒப்புக்கொண்டோம். தெரியாத இரவிலே தெரியாது என்று எழுதலாம். ஆனால் விடிந்த பிறகு? விசாரணை முடிந்த பிறகு? ஐம்பது ஆண்டு கழித்து ஆய்வுநூல் எழுதும்போதும் அந்த இரவு பதினொரு மணிச் சொல்லே நிற்கிறதே! அறியாமைக்கு வைத்த பெயர் அறிவின் பெயராக உறைந்துவிடுகிறதே!

அவர் விடவில்லை. "உங்கள் ஆட்கள் அடிபட்டால் 'கொலைவெறித் தாக்குதல்' என்று சுவரொட்டி ஒட்டுகிறீர்கள். உங்கள் ஆட்கள் அடித்தால் 'மோதல்' என்று அறிக்கை விடுகிறீர்கள். முதலில் உங்கள் சுவரொட்டியைத் திருத்துங்கள்" என்றார். இதற்கு நம்மிடம் பதில் இல்லை. திருத்தத்தான் வேண்டும்.

பிறகு பேச்சு வீட்டுக்குத் திரும்பியது. மனைவியின் மண்டையை உடைத்தவன்மீது புகார் கொடுக்கப் போனால், காவல் நிலையத்திலே அதற்குப் பெயர் 'குடும்பத் தகராறு'. நீ ஒன்று சொன்னாய், அவன் ஒன்று சொன்னான், கை நீண்டுவிட்டது, போய்ச் சேர்ந்து வாழுங்கள்! 1983-இலே தண்டனைச் சட்டத்திலே கணவனின் கொடுமையைக் குற்றமாக்கினர். 2005-இலே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கத் தனிச் சட்டமே இயற்றினர். அந்தச் சட்டத்தின் பெயரிலே 'தகராறு' இல்லை, 'வன்முறை' இருக்கிறது. சட்டம் சொல்லை மாற்றிக்கொண்டது. எழுத்தரின் பேனா இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. பகுத்தறிவு பேசும் நம் வீடுகளிலும், 'அவர்களுக்குள்ளே ஏதோ சண்டை, நாம் தலையிடக் கூடாது' என்று கதவைச் சாத்திக்கொண்டவர்கள் எத்தனை பேர்! சாத்திய கதவுக்குப் பின்னே கேட்டது ஒரு குரலா, இரண்டு குரலா?

நண்பர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். "பத்தியின் அகலம் தெரியுமா உங்களுக்கு? 'மோதல்' மூன்றெழுத்து, அடங்கிவிடும்" என்று சிரித்தபடி எழுந்து போனார்.

பத்து நாள் கழித்து அவருடைய ஏடு வந்தது. மூன்றாம் பக்கத்திலே, 'மனைவியை அடித்த கணவர் கைது' என்றொரு தலைப்பு. அவர் கை பட்ட தலைப்பு என்பது நமக்குத் தெரிந்தது. மகிழ்ந்தோம். அதே பக்கத்தின் கீழே இன்னொன்று: 'இரு தரப்பினர் மோதல், ஆறு பேர் மருத்துவமனையில்'. இம்முறை பக்கத்தைப் புரட்டாமல் செய்தியைப் படித்தோம். ஆறு பேரும் ஒரே தெருவினர். செய்தியின் கடைசி வரியிலே, அந்தத் தெருவுக்குக் காவல் போடப்பட்டுள்ளது என்றிருந்தது. அவரைக் காண மறுபடியும் போகிறோம்.